ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு 52 வயது. நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர். 2001 முதல் 2008 வரை ஓர் ஆலையிலும், அதன்பின் இன்றுவரை வேறோர் ஆலையிலும் வேலை. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருந்தபோது பக்கவாதம் தாக்கியது. உயிர் பிழைத்தார். ஆனால் வலக்கையும் வலக்காலும் பழையபடி மீளவில்லை. ஊன்றுகோல் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். வலக்கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழில் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டிலிருந்து மூன்று மாதம் பணம் வந்து, பிறகு நின்றுவிட்டது.

இந்த நிலையில் ஆலை நிர்வாகம், “சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள், பணிக்கொடையை உடனே முடித்துத் தருகிறோம்” என்கிறது. கணினி மையத்துக்குப் போனால், “பி.எஃப். இணையதளத்தில் குறைக்கப்பட்ட ஓய்வூதியத்துக்குப் போட்டுவிடலாம், இல்லையென்றால் பென்ஷன் பணத்தையும் சேர்த்து மொத்தமாக எடுத்துவிடலாம்” என்கிறார்கள். அதையும் செய்ய முடியவில்லை. ஆதார் அட்டையில் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர் முழுதாக இருக்கிறது, பி.எஃப். கணக்கில் வெறும் முதலெழுத்துதான். தளம் ஏற்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் மாலை நேரங்களில் கைபேசியோடு போராடிக்கொண்டிருக்கிறாள். “விபத்து ஆலைக்குள் நடக்கவில்லை, சான்றிதழிலும் நூறு சதவீதம் இல்லை. எனவே இயலாமை ஓய்வூதியம் எங்களுக்குக் கிடைக்காது என்கிறார்கள். பிறகு எதற்குத்தான் விண்ணப்பிப்பது?” என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ராஜினாமா கடிதத்தில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். கணினி மையத்தில் குறைக்கப்பட்ட ஓய்வூதியத்துக்கும் இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். உங்கள் கணவரின் பெயர் தளத்தில் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நின்றுபோனது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். உண்மையில் அந்தத் தடையால் உங்களுக்கு நன்மையே விளைந்திருக்கிறது. அது போய்ச் சேர்ந்திருந்தால், அவருக்கு உரியதைவிடக் குறைந்த தொகையை வாழ்நாள் முழுவதற்கும் நீங்களே கேட்டு வாங்கியதாக ஆகியிருக்கும்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு தவறான செய்திகள்

ஆலைக்குள் நடந்த விபத்தாக இருந்தால்தான் இயலாமை ஓய்வூதியம் என்பது சரியல்ல. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன் 15-ஆவது பத்தி, பணியில் இருக்கும் காலத்தில் நிரந்தர முழு இயலாமைக்கு ஆளான உறுப்பினருக்கு ஓய்வூதியம் தரச் சொல்கிறது. அந்தச் சொல்லுக்குத் திட்டமே தரும் விளக்கத்தில், இயலாமை வேலையின்போது நேர்ந்ததா வேறு விதத்தில் நேர்ந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வந்த பக்கவாதமும் அதில் அடங்கும். அவர் அப்போது ஆலையின் ஊழியராக இருந்தாரா என்பதே கேள்வி. இருந்தார். பத்து ஆண்டு சேவை, 58 வயது என்ற வழக்கமான நிபந்தனைகளும் இந்த ஓய்வூதியத்துக்கு இல்லை. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். இவ்வளவு தெளிவான விதி இருந்தும் இது கிடைக்காது என்று தொழிலாளர் குடும்பங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இரண்டாவது, அந்த 60 சதவீதம். மாற்றுத்திறனாளி சான்றிதழில் உள்ள சதவீதம் உடல் உறுப்பின் செயலிழப்பை அளப்பது. பஸ் சலுகை, அரசு உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்கு அது பயன்படும். ஓய்வூதியத் திட்டம் கேட்பது வேறு. மருத்துவப் பரிசோதனையின் நோக்கம் என்ன என்று அதே 15-ஆவது பத்தி சொல்கிறது: இயலாமை ஏற்பட்டபோது அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவர் நிரந்தரமாகவும் முழுமையாகவும் தகுதியற்றவராகிவிட்டாரா என்பதுதான் அது. படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ரிங் ஃப்ரேமுக்கு அடியில் குனிந்து, ஒரு கையால் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனரை முறுக்கும் வேலையை அவரால் இனிச் செய்ய முடியுமா? வீட்டுக்குள் நடக்கிறார் என்பது அதற்கான பதில் ஆகாது.

இதில் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டத்தின் விளக்கப் பகுதி, இயலாமை நேர்ந்தபோது அவரால் செய்ய முடிந்திருந்த எல்லா வேலைக்கும் தகுதியற்றவராக இருக்க வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே பேசுகிறது. கண்டிப்பான அதிகாரி ஒருவர் அந்த வரியைக் காட்டி, “உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கலாமே” என்று கேட்கக்கூடும். அப்போது பரிசோதனைக்கான அளவுகோலைத் தரும் 15-ஆவது பத்தியை நீங்கள் காட்ட வேண்டும். இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் ஃபிட்டராகவே இருந்தவருக்கு, இரண்டு கைகளும் வேண்டாத வேறு எந்த வேலை தெரியும் என்பதையும் கேட்க வேண்டும். இந்த வாதத்துக்கான ஆதாரத்தை இப்போதே சேர்த்துவைப்பது நல்லது. எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

கையில் இருக்கும் மூன்று வழிகள்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூத்திரம் எளிது: ஓய்வூதியத்துக்கான சம்பளத்தை ஓய்வூதியத்துக்கான சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாய். அதற்குப் பிந்தையதற்கு 15,000 ரூபாய். அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 16,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கடந்த ஐந்தாண்டுச் சராசரியும் 15,000-க்குக் குறையவில்லை என்று வைத்து, இரண்டு ஆலைகளின் சேவையையும் சேர்த்தால், மாதம் ஏறத்தாழ 3,500 ரூபாய் வருகிறது.

இயலாமை ஓய்வூதியமாகப் பெற்றால் இந்தத் தொகையில் வயதுக்கான பிடித்தம் இல்லை. இயலாமை ஏற்பட்ட நாளுக்கு அடுத்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும் என்பதும் விதி. அலுவலகத்தில் கோப்பு தாமதமானாலும் அந்த மாதங்கள் நிலுவையாக வந்து சேர வேண்டும். குறைக்கப்பட்ட ஓய்வூதியம் என்பது 50 வயது முடிந்து, பத்து ஆண்டு சேவையும் இருந்து, வேலையை விட்டவர்கள் 58-க்கு முன்பே கேட்டுப் பெறுவது. குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் கணவருக்கு ஆறு ஆண்டு குறைகிறது. 3,500 என்பது 2,700, 2,800 என்ற அளவுக்கு இறங்கிவிடும். 58 வயது வந்ததும் அது உயராது. மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாமல் 58 வரை காத்திருந்து முழுத் தொகையைப் பெறுவது. ஆறு ஆண்டு வருமானம் இல்லாமல் இருக்கும் நிலையில் நீங்கள் இல்லை.

ஆகவே இயலாமை ஓய்வூதியத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். அது மறுக்கப்பட்டாலும் மற்ற இரண்டு வழிகளும் அப்படியே இருக்கும். குறைக்கப்பட்டதை முதலில் வாங்கிவிட்டு, பிறகு “நான் இயலாமையால் விலகினேன்” என்று போனால், உங்கள் விண்ணப்பமே உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுப்பது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பத்து ஆண்டு சேவை கடந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பி.எஃப். இருப்பு வேறு, பென்ஷன் வேறு. இருப்புத் தொகையை எடுப்பதால் பென்ஷன் பாதிக்கப்படாது. மருத்துவச் செலவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால், வேலையை விடாமலேயே படிவம் 31-இல் நோய்க்கான முன்பணம் கேட்கலாம். இதை உங்கள் மகளே தளத்தில் செய்துவிடலாம், பெயர் சரியானவுடன்.

இ.எஸ்.ஐ. மூன்று மாதத்தோடு முடிந்துவிடவில்லை

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்து போன இந்த விஷயம்தான் இப்போதைக்கு மிகப் பெரிய பணம். உங்களுக்கு வந்தது சாதாரண நோய்க்கால உதவித்தொகை. அது 91 நாளோடு நிற்கும், சம்பளத்தில் 70 சதவீதம். ஆனால் இ.எஸ்.ஐ. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதிலுள்ள நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை உண்டு. உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. நோய்க்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தின் நான்கு சந்தா அரையாண்டுகளில் 156 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பதினேழு ஆண்டாக ஒரே ஆலையில் இருப்பவருக்கு இது தடையாகாது. மொத்தச் சம்பளம் 19,500 என்றால் மாதம் 15,000 ரூபாயையும் தாண்டும். 3,500 ரூபாய் ஓய்வூதியத்துக்காக இதை விட்டுவிடக் கூடாது.

அவர் சிகிச்சை பெறும் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போய், நோயின் பெயரைச் சரியாகக் குறிப்பிட்டு, இடைவெளி இல்லாமல் சான்று கேளுங்கள். கிளை அலுவலகத்தில் எழுத்து மூலமாக விண்ணப்பியுங்கள். விட்டுப்போன மாதங்களையும் அதே கடிதத்தில் கேளுங்கள். வாய்மொழியாக “முடிந்துவிட்டது” என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி பெறும் நாட்களில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்ய நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் ராஜினாமா கடிதத்தை உங்களிடமே எழுதி வாங்கப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் காலம் இன்னொரு வகையிலும் உதவும். பக்கவாதம் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இயன்முறை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இயலாமை ஓய்வூதியத்துக்கான மருத்துவக் குழு முன் நின்றால், “இன்னும் தேற வாய்ப்பிருக்கிறது, நிரந்தரம் என்று சொல்ல முடியாது” என்று திருப்பி அனுப்பக்கூடும். நரம்பியல் மருத்துவர், இதற்கு மேல் முன்னேற்றம் எதிர்பார்க்க முடியாது என்று எழுதித் தரும் நிலை வந்தபின் போவது பலமானது. அவர் தேறி வேலைக்குத் திரும்பினால் அதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்கிறது? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தால், திரும்பிப் போக வேலையே இருக்காது.

‘சொந்தக் காரணம்’ என்ற இரண்டு சொற்கள்

ஒரு தொழிலாளி விலகும்போது, நிர்வாகம் பி.எஃப். தளத்தில் விலகிய தேதியையும் காரணத்தையும் பதிவு செய்கிறது. காரணங்களின் பட்டியலில் ஓய்வு, பணிக்கால மரணம், வெறும் விலகல் ஆகியவற்றோடு நிரந்தர இயலாமை என்றும் ஒன்று இருக்கிறது. “சொந்தக் காரணம்” என்று அவர் எழுதிக் கொடுத்தால் அங்கே வெறும் விலகல் என்றுதான் பதிவாகும். பிறகு இயலாமை ஓய்வூதியம் கேட்கும்போது அலுவலகம் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

பணிக்கொடைக்காக இதில் இணங்க வேண்டிய அவசியமும் இல்லை. இயலாமையால் வேலை முடிவுக்கு வந்தாலும் பணிக்கொடை தந்தே ஆக வேண்டும். அந்த நிலையில் ஐந்தாண்டு சேவை என்ற நிபந்தனைகூடக் கிடையாது. கடைசிச் சம்பளத்தில் ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிட்டால், இந்த ஆலையின் 17 ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் வரும். தர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் தர வேண்டும். ராஜினாமா கடிதத்துக்கு ஈடாகக் கிடைக்கும் சலுகைபோல அதைக் காட்டுவது தவறு.

நிர்வாகத்தோடு சண்டை போடச் சொல்லவில்லை. அவர்களுடைய ஒத்துழைப்பு உங்களுக்கு இன்னும் வேண்டும். “இப்போது சிகிச்சையில் இருக்கிறார். மருத்துவர் நிரந்தர இயலாமை என்று சான்று தந்ததும், அந்தக் காரணத்தைக் குறிப்பிட்டு விலகல் கடிதம் தருகிறோம். பதிவிலும் அதே காரணத்தைக் குறிக்க வேண்டுகிறோம்” என்று ஒரு கடிதம் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இணையத்தில் எதைச் செய்வது, எதை நேரில் கொடுப்பது

பெயரில்தான் தொடங்க வேண்டும். 2017 அக்டோபர் 1 முதல் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிலையான எண்) பெற்றவர்கள், ஆதாரோடு அது சரிபார்க்கப்பட்டிருந்தால், பெயரைத் தாங்களே தளத்தில் திருத்திக்கொள்ள முடியும். உங்கள் கணவருடைய எண் அதற்கு முந்தையது என்பதால், விவரத்தைத் திருத்தக் கோரும் கூட்டு உறுதிமொழியைத் தளத்தில் சமர்ப்பித்தாலும் ஆலையின் ஒப்புதல் தேவைப்படும். ராஜினாமாவுக்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். வேலையை விட்டவரின் கோரிக்கைக்கு ஆலை அலுவலகத்தில் அவ்வளவு அவசரம் காட்ட மாட்டார்கள். முதலெழுத்தை விரித்து, ஆதாரில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி போடுங்கள். பிறந்த தேதியையும் அப்போதே சரிபாருங்கள்.

அடுத்து, மகளைச் சேவை வரலாறு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் ஆலையின் 2001–2008 காலம் அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் பழைய பி.எஃப். எண்ணைத் தேடி எடுத்து, கணக்கை மாற்றக் கோர வேண்டும். அந்த ஆலையை விட்டபோது பி.எஃப்., பென்ஷன் இரண்டையும் அவர் எடுத்திருந்தால் அந்த ஏழு ஆண்டு கணக்கில் வராது. மேலே நான் சொன்ன 3,500 ரூபாயும் குறையும். எடுத்தாரா என்பது நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய வங்கிப் புத்தகத்தில் 2008, 2009 வரவுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். இ-நாமினேஷனில் (தளத்தில் செய்யும் வாரிசு நியமனத்தில்) உங்கள் பெயரும் மகளின் பெயரும் இருக்கட்டும். நாளை குடும்ப ஓய்வூதியம் என்று வரும்போது அது அலைச்சலைக் குறைக்கும்.

கணினி மையத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கணக்கில் உள்ள கைபேசி எண் உங்கள் வீட்டு எண்தானா? அவசரத்துக்கு மையத்தாரின் எண்ணைப் போட்டுவிடுவது நடக்கிறது. பிறகு ஒவ்வொரு ஓ.டி.பி.யும் அவரிடம்தான் போகும். ஓ.டி.பி.யைச் சொல்லும் முன் திரையில் எந்தப் படிவம் இருக்கிறது என்று மகள் படித்துப் பார்க்கட்டும்.

ஓய்வூதியத்துக்கான படிவம் 10-டி. இயலாமை விண்ணப்பத்தோடு மருத்துவ ஆவணங்களும் சேர வேண்டும், மருத்துவக் குழுவும் பார்க்க வேண்டும் என்பதால், உங்கள் கணவர் விஷயத்தில் அதை ஆலை வழியாகத் தாளில் நிரப்பி, மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுத்து எண்ணுடன் ரசீது வாங்குவதையே நான் விரும்புவேன். வலக்கையால் அவருக்குக் கையெழுத்து வராது. இடக்கையால் போடும் புதுக் கையெழுத்து வங்கியில் உள்ளதோடு பொருந்தாது. முதலில் மருத்துவர் கடிதத்துடன் வங்கிக்குப் போய்ப் புது மாதிரிக் கையெழுத்தையோ விரல் ரேகையையோ பதிவு செய்துவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு தனித் தாள் வையுங்கள். அவர் ஒரு ஷிஃப்டில் என்னென்ன செய்தார் என்று அவரே சொல்லச் சொல்ல மகள் எழுதட்டும்: ஏணியில் ஏறுவது, மோட்டாரைத் தூக்கி வைப்பது, ஸ்பிண்டிலைச் சீராக்குவது, ஓடும் இயந்திரத்துக்கு அருகில் நிற்பது. ஒவ்வொன்றுக்கும் எந்தக் கை, எந்தக் கால், எவ்வளவு எடை. ஆலை முத்திரையோடு அது கிடைத்தால் மிக நல்லது. உடன் வேலை செய்த இருவர் கையெழுத்திட்டாலும் பயன்படும். நரம்பியல் மருத்துவரிடம் சான்று கேட்கப் போகும்போது இந்தத் தாளைக் காட்டுங்கள். “60 சதவீத ஊனம்” என்று மட்டும் எழுதும் சான்றைவிட, “இந்த ஃபிட்டர் வேலைக்கு நிரந்தரமாகவும் முழுமையாகவும் தகுதியற்றவர்” என்று எழுதும் சான்றே மருத்துவக் குழுவின் கேள்விக்கு நேரடியான விடை.

மறுத்தால்

எந்தப் பத்தியின் கீழ், என்ன காரணத்தால் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர் தளத்தில் புகார் பதிவு செய்யலாம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது; அதற்கு ஆவணங்களோடு நேரில் போவது பல நேரம் வேலை செய்கிறது. அதிலும் தீரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வைப்பு நிதி உறுப்பினர் ஒரு நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டுதான்: இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பார்ப்பது, பெயர்த் திருத்தத்தை ஆலைக்கு அனுப்புவது. நிர்வாகம் மீண்டும் வற்புறுத்தினால், அவர்கள் தரும் தாளை வாங்கி வந்து, கையெழுத்திடாமல் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.